பங்குனி வெயிலில் வேம்பு எப்படித் துளிர்க்கிறது? நம் ஊர் வசந்தம், ஓர் எளிய விளக்கம்

மார்ச் பிறந்தால் போதும், போனில் வசந்தகாலப் படங்கள் வரிசையாக வர ஆரம்பித்துவிடும். பச்சைப் புல்வெளி, தரையோடு தரையாக நீலமும் மஞ்சளுமாகப் பூக்கள், ஓரத்தில் ஒரு முயல். அதைப் பார்த்துவிட்டு நம் வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்தால் மண் வெடித்துக் கிடக்கும், புல் கருகியிருக்கும், கார்த்திகையில் வெள்ளையாகப் பூத்துக் குலுங்கிய தும்பை குச்சியாக நிற்கும். "நமக்கெல்லாம் ஏதுங்க வசந்தம்? வெயில் காலம், கடும் வெயில் காலம், ரெண்டே ரெண்டுதான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். படித்தவர், விவசாயம் பார்க்கிறவர், பட்டணத்திலிருந்து ஊருக்கு வந்து வீடு கட்டிக்கொண்டவர் என்று எல்லோரிடமும் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

நம் ஊரில் வசந்தம் உண்டு, நன்றாகவே உண்டு. பார்க்கிற இடம்தான் தப்பாகிவிடுகிறது. இங்கிலாந்தில் ஏப்ரல் மாதம் குனிந்து பார்க்க வேண்டும், நம் ஊரில் அண்ணாந்து பார்க்க வேண்டும். தரையில் பூக்கிற பூக்களுக்கு நமக்கு வேறு மாதம். ஏன் இப்படி என்ற கேள்விக்கான பதில் தண்ணீர்க் கணக்கில் இருக்கிறது, அது ஒன்று புரிந்துவிட்டால் மொட்டையாக நின்ற மரம் ஏன் வெயிலில் பூக்கிறது என்பதில் தொடங்கி, குயில் ஏன் இப்போது கூவுகிறது, தூக்கணாங்குருவி ஏன் இப்போது கூடு கட்டுவதில்லை என்பது வரை பலதும் விளங்கிவிடும்.

ஒரு விஷயம் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதுவது மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாதிரியான சமவெளி ஊர்களுக்கு. பொள்ளாச்சி, கன்னியாகுமரிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் கிடைப்பதால் மாதங்கள் கொஞ்சம் முன்பின் ஆகும். ஊட்டி, கொடைக்கானல் கதையே வேறு.

## முதலில் புதிரைப் பார்ப்போம்

மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது நம் பழைய கணக்கு. இந்த நான்கு மாதமும் தண்ணீர் விஷயத்தில் மோசமான மாதங்கள். தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தை பிறந்தபின் பெரிய மழை கிடையாது. சித்திரையில் இடியோடு ஒரு கோடை மழை வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

சரி, மழை நின்றுவிட்டது, அதனால் மாசியில் வேம்பு இலையைக் கொட்டுகிறது. இது யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் அதற்கு அப்புறம்தான். ஒரு சொட்டு மழை விழாமல், வெயில் இன்னும் ஏறிக்கொண்டே போகிற பங்குனியில், அதே வேம்பு செம்பு நிறத்தில் தளிர் விடுகிறது. தளிரோடு பூவும் வருகிறது. சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் பூ தேடி யாரும் அலைய வேண்டியதில்லை, மரத்தடியில் ஒரு வேட்டியை விரித்துப் போட்டால் காலைக்குள் வேண்டிய பூ விழுந்துவிடும். புங்கம் பளபளவென்று இளம்பச்சையாக மாறுகிறது. அரசமரம் இலையை மாற்றிக்கொள்கிறது. கல்யாண முருங்கை இலையே இல்லாத கிளையில் ரத்தச் சிவப்பாகப் பூக்கிறது. சரக்கொன்றை சித்திரை வெயிலில் மஞ்சள் சரமாகத் தொங்குகிறது.

மழையில்லை, மண் காய்ந்துவிட்டது. இந்தத் தளிருக்கும் பூவுக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? "கோடை மழை பெய்தது, துளிர்த்தது" என்பது பலரும் சொல்லும் பதில். ஆனால் கோடை மழையே இல்லாத வருடத்திலும் வேம்பு துளிர்க்கிறதே!

## தொட்டியும் குழாயும்

மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்று வையுங்கள். கிணற்றில் ஊற்று குறைந்துவிட்டது, மோட்டார் போட்டால் விரல் கனத்துக்குத்தான் தண்ணீர் ஏறுகிறது. வீட்டிலோ எல்லாக் குழாயும் திறந்தே கிடக்கிறது. தொட்டி நிறையுமா? நிறையாது, அடியில் இருப்பதும் காலியாகும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, அதே மெல்லிய தாரையை விடிய விடிய ஏற விட்டால் காலையில் தொட்டி தளும்பும். கிணற்றில் புதிதாக எதுவும் ஊறவில்லை, செலவை நிறுத்தினோம், அவ்வளவுதான்.

மரத்தில் இலைதான் குழாய். அடிமரமும் கிளைகளும் தொட்டி. மண்ணுக்கு அடியில் ஆழத்தில் இருக்கும் வேர், ஊற்று குறைந்த கிணற்றில் போட்ட மோட்டார்.

## உண்மையில் மரத்துக்குள் நடப்பது

இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் ஏராளமாக உண்டு. காற்று உள்ளே வர அவை திறக்க வேண்டும், திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியே போகும். இப்படி இலை வழியாகத் தண்ணீர் வெளியேறுவதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். வெயில் காலத்தில் இலை இந்தத் துளைகளை மூடிச் சமாளிக்கப் பார்க்கும். ஆனால் போன வருடத்து முற்றிய இலைக்கு அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும், வாஷர் தேய்ந்த குழாய் என்றே வைத்துக்கொள்ளலாம். வேர் இழுத்துத் தருவதைவிட இலை விடுவது அதிகமாகிவிட்டால் மரம் வறளத் தொடங்கும்.

அப்போது மரம் அந்த இலைகளைக் கழற்றுகிறது. இலைக்காம்பின் அடியில், கிளையைத் தொடும் இடத்தில், மெல்லிய சுவருள்ள செல்கள் ஒரு வரிசையாக அமைந்திருக்கும், இதுதான் உதிர் அடுக்கு. அந்தச் செல்கள் ஒன்றையொன்று விட்டுவிடுகின்றன, சின்னக் காற்று போதும், இலை விழுந்துவிடும். விழுவதற்கு முன்னால் இலையில் இருந்த தழைச்சத்து போன்றவற்றில் ஒரு பகுதியை மரம் கிளைக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. மாசியில் இலை மஞ்சளாவது அதனால்தான். இலை உதிர்வதைப் பார்த்து "மரம் சாகப் போகிறது" என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பட்டுப்போகும் கிளையில் இலை பெரும்பாலும் கழன்று விழாது, கருகி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தமாகக் கழன்று விழுகிறது என்றால் மரம் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது குழாய் எல்லாம் மூடியாகிவிட்டது. மேல்மண் காய்ந்திருந்தாலும், ஐப்பசி, கார்த்திகையில் இறங்கிய மழை ஆழத்தில் இன்னும் கொஞ்சம் ஈரமாக இருக்கும். வேர் அதைத் துளித்துளியாக இழுக்கிறது. செலவு இல்லாததால் அடிமரத்தில் தண்ணீர் சேர்கிறது. இப்படி நிறையும்போது அடிமரத்தின் சுற்றளவு மில்லிமீட்டர் கணக்கில் கூடுவதை ஆராய்ச்சியாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

மொட்டு மலர என்ன வேண்டும்? மொட்டுக்குள் தளிரும் பூவும் ஏற்கெனவே சுருட்டி மடக்கி வைக்கப்பட்டிருக்கின்றன, அவை விரிய வேண்டும், அவ்வளவே. செல்லுக்குள் தண்ணீர் புகுந்து சுவரை உள்ளிருந்து தள்ளுகிற அழுத்தத்தை விறைப்பழுத்தம் என்கிறோம். வறண்ட மரத்தில் இந்த அழுத்தம் கிடையாது, மொட்டு அப்படியே கிடக்கும். மரம் நிறைந்ததும் அழுத்தம் ஏறும், மொட்டு விரியும். மழை தேவையே இல்லை.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: இலை உதிர்வது துளிர்ப்பதற்கான முதல் வேலை. பழைய இலை போனதால்தான் மரம் நிறைந்தது, மரம் நிறைந்ததால்தான் புதுத்தளிர் வந்தது.

## நேரம் பார்த்துச் சொல்வது யார்?

தண்ணீர் சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது, எப்போது விரிய வேண்டும் என்று ஒரு சைகை வேண்டும். இங்கே பலரும் "வெயில் ஏறியதும்" என்பார்கள். குளிர் நாடுகளில் பெரிய அளவுக்கு அது உண்மை, குளிர் விலகிச் சூடு ஏறுவதுதான் அங்கே முக்கியமான மணியடிப்பு. நமக்கு எப்போதும் சூடுதான், அதை வைத்து மரம் என்ன தெரிந்துகொள்ளும்?

நம்பகமான சைகை பகலின் நீளம். லண்டனில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் கிட்டத்தட்ட 9 மணி நேரம் வித்தியாசம். மதுரையில் அந்த வித்தியாசம் சுமார் 70 நிமிடம்தான், நாமெல்லாம் கவனிக்கவே மாட்டோம். மரம் கவனிக்கிறது. செடிகளுக்குள் பைட்டோகுரோம் என்று ஒரு நிறமி இருக்கிறது, வெளிச்சத்தில் ஒரு வடிவம், இருட்டில் மெதுவாக இன்னொரு வடிவம் என்று மாறி மாறி, இரவின் நீளத்தை அளக்க உதவுவது அதுதான். வறண்ட வெப்பமண்டலக் காடுகளில் அரை மணி நேரத்துக்கும் குறைவாகப் பகல் நீண்டதையே உணர்ந்து மழையில்லாமல் துளிர்க்கும் மரங்கள் இருக்கின்றன. பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும் மார்ச் 20, 21 வாக்கில், அதாவது பங்குனி முதல் வாரத்தில், பகல் நீளும் வேகம் உச்சத்தில் இருக்கும். அந்தச் சமயத்தில் மரங்கள் அடுத்தடுத்துத் துளிர்ப்பதில் வியப்பென்ன?

எல்லா மரத்துக்கும் ஒரே சைகை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மா குளிர்ந்த இரவுகளைப் பார்த்துப் பூக்கிற மரம், அதனால்தான் தை, மாசியிலேயே பூத்து முடித்துவிடுகிறது. மார்கழிக் குளிர் சரியாக விழவில்லையென்றால் "இந்த வருசம் பூ கம்மி" என்று தோப்புக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை. சிறுமலை, தாண்டிக்குடிப் பக்கக் காப்பிச் செடி இதற்கு நேர் எதிர். அது மழைக்காகவே காத்திருக்கும். மொட்டு கட்டி வறட்சியில் அசையாமல் நிற்கும், ஒரு நல்ல கோடை மழை நனைத்துவிட்டால் எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும்.

## மழைக்கு முன்னாலேயே ஏன் அவசரம்?

இவ்வளவு சிரமப்பட்டு வறட்சியில் துளிர்ப்பதில் மரத்துக்கு என்ன லாபம்? மழை வந்தபின் நிதானமாகச் செய்யலாமே?

முதல் காரணம் விதை. வேம்பு பங்குனி, சித்திரையில் பூத்தால்தான் ஆனி, ஆடியில் பழுக்கும், வேப்பங்கொட்டை விழுந்த சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழக்கத் தொடங்கிவிடும். மழைக்கு அப்புறம் பூத்தால் விதை விழும்போது மண் மறுபடியும் காய்ந்திருக்கும்.

இரண்டாவது, பூச்சி. மழை வந்துவிட்டால் இலை தின்னும் பூச்சிகள் பெருகிவிடும். அதற்குள் இலை முற்றித் தடித்துவிட வேண்டும். முதுமலைக் காட்டில் செய்து 1993-ல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. மழைக்கு முன்பே துளிர்த்த மரங்களைவிட மழை நேரத்தில் துளிர்த்த மரங்களின் இலைகள் பூச்சியிடம் அதிகம் கடிபட்டிருந்தன. தளிர் செம்பு நிறமாக இருப்பதும் இந்தப் பாதுகாப்போடு சேர்ந்ததுதான். பச்சையமும் சத்தும் முழுதாக ஏறாத, சிவப்பு நிறமி பூசிய இளந்தளிர் வெயிலையும் ஓரளவு தாங்கும், தின்னும் பூச்சிக்கும் பெரிதாக ஒன்றும் தராது.

மூன்றாவது, விளம்பரம். இலையில்லாத கிளையில் பூத்தால் தூரத்திலிருந்தே தெரியும். கல்யாண முருங்கை பூத்திருக்கும்போது மைனாவும் தேன்சிட்டும் காக்காவும் ஒரே மரத்தில் சண்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இலுப்பை ராத்திரி ஆட்களுக்குப் பூக்கிற மரம், சதைப்பற்றான அதன் பூவுக்குப் பழந்தின்னி வௌவால்கள் வரும், மிச்சம் விடியற்காலையில் தரையில் கொட்டிக் கிடக்கும்.

கொன்றையை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கச் சொல்வேன். கை எட்டும் உயரத்தில் ஒரு சரம் கிடைத்தால் ஒரு பூவைத் திருப்பிப் பாருங்கள். பத்து மகரந்தத் தண்டுகள் இருக்கும், மூன்று மட்டும் நீளமாகக் கொக்கி போல வளைந்து வெளியே நீட்டியிருக்கும், மற்றவை குட்டை. இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் கூலி. அந்த மகரந்தமும் பைக்குள் அடைபட்டிருக்கும், சும்மா தொட்டால் கொட்டாது. பெரிய கருப்புத் தச்சுத்தேனீ வந்து பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பறக்காமலேயே தன் பறக்கும் தசைகளை அதிர வைக்கும். அந்த அதிர்வில்தான் மகரந்தம் பொடியாகக் கொட்டுகிறது. காது கொடுத்தால் சத்தமும் கேட்கும், பறந்து வரும்போது ஒரு ரீங்காரம், பூவில் உட்கார்ந்ததும் இன்னும் கீச்சென்று உயர்ந்த ரீங்காரம். ரோட்டோர ஆவாரம்பூவிலும் இதே கச்சேரி நடக்கும்.

## அப்படியென்றால் தரைப் பூக்கள்?

தும்பை, குப்பைமேனி, வேலியோரக் காந்தள், வரப்பில் பெயர் தெரியாமல் பூக்கும் நீலமும் ஊதாவுமான சின்னப் பூக்கள், இவையெல்லாம் ஏன் வசந்தத்தில் இல்லை? தும்பையின் வேர் போவது ஒரு சாண் ஆழம். அந்த ஒரு சாண் மண் தை கடைசியிலேயே காய்ந்துவிடுகிறது. அடிமரமும் கிடையாது, சேர்த்து வைக்கத் தொட்டியும் கிடையாது. ஆகவே அவை மழையோடு முளைத்து, மழையோடு பூத்து, விதையாகவோ கிழங்காகவோ மாறி வெயில் காலத்தை மண்ணுக்குள் கழித்துவிடுகின்றன. நம் ஊரில் தரைப் பூக்களின் திருவிழா ஐப்பசி முதல் மார்கழி வரை.

இங்கிலாந்துக் காடுகளில் புளூபெல் என்ற நீலப்பூ ஏப்ரல், மே மாதங்களில் தரையை மூடிப் பூக்கிறது. அங்கே மண்ணில் ஈரத்துக்குக் குறைவில்லை, பற்றாக்குறை வெளிச்சத்துக்குத்தான். பெரிய மரங்கள் இலை விட்டு நிழல் மூடுவதற்கு முன் தரைச் செடி அவசரமாகப் பூத்தாக வேண்டும். அங்கே செடி வெளிச்சத்துக்காக ஓடுகிறது, இங்கே ஈரத்துக்காக ஓடுகிறது, ஆகவே இரண்டு ஊரிலும் மாதம் ஒன்றாக இருக்க வழியில்லை.

இது தெரியாமல் "காட்டுப்பூ விதைக் கலவை" என்று ஆன்லைனில் வாங்கி மார்ச்சில் கொல்லையில் தூவி, தினமும் தண்ணீர் ஊற்றி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். விதை தூவுகிற ஆசை இருந்தால் புரட்டாசிக் கடைசியில் தூவுங்கள். அதைவிட நல்ல வழி ஒன்றும் செய்யாமல் இருப்பது. வேலியோரம் ஒரு நாலடி அகலத்துக்குக் களை எடுக்காமல் ஒரு மழைக்காலம் விட்டுவிட்டால், அந்த மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதைகள் தாமே முளைக்கும்.

விதிவிலக்குகள் உண்டு. எருக்கும் ஆவாரையும் ஆழ வேர் விட்டவை, கொளுத்தும் சித்திரையிலும் பூப்பவை. எருக்கம்பூ அருகே கொஞ்ச நேரம் நின்றால் தச்சுத்தேனீயும் பட்டாம்பூச்சிகளும் கண்ணில் படும். நெருஞ்சி ஒரு கோடை மழை போதும் என்று மஞ்சளாகப் பூத்துவிடும், அதன் முள்ளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சுருக்கமாக: ஆழ வேரும் தண்டில் சேமிப்பும் உள்ளவை வெயிலில் பூக்கும், இல்லாதவை மழையில் பூக்கும்.

## குயில் எங்கிருந்தும் வரவில்லை

இப்போது பறவைகளுக்கு வருவோம். "வசந்தம் வந்தால் குயில் வரும்" என்கிறோம். குயில் எங்கும் போகவில்லை, வருடம் முழுக்க நம் மரத்தில்தான் இருக்கிறது, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெரும்பாலும் வாயைத் திறக்காமல் ஆலம்பழமும் அத்திப்பழமும் தின்றுகொண்டிருக்கிறது. கூவுகிறவள் குயிலி என்று நினைப்பதும் சரியில்லை. கூ...ஊ என்று ஏற்றி ஏற்றிக் கூவுவது கருப்பாக, சிவந்த கண்ணோடு இருக்கும் ஆண். பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டிருக்கும், அதன் சத்தம் கிக்-கிக்-கிக் என்ற கத்தல்தான், அதில் இனிமை ஒன்றும் கிடையாது.

ஆண் குயில் இப்போது கூவ ஆரம்பிப்பதற்கும் பகல் நீள்வதற்கும் தொடர்பு உண்டு. பறவைகளுக்கு மூளைக்குள்ளேயே ஒளி உணரும் செல்கள் இருக்கின்றன, மண்டை ஓட்டையும் இறகையும் தாண்டி உள்ளே கசியும் வெளிச்சத்தை அவை உணர்கின்றன. பகல் நீண்டதும் ஹார்மோன்கள் சுரக்கின்றன, இனப்பெருக்க உறுப்புகள் வளர்கின்றன, பாட்டு வருகிறது. குயிலுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது கூடு கட்டாது, காக்காவின் கூட்டில்தான் முட்டையிடும், எனவே காக்கா கூடு கட்டும் சித்திரை, வைகாசியை ஒட்டியே அதன் பாட்டும் இருந்தாக வேண்டும். வாயில் சுள்ளியோடும் கம்பித் துண்டோடும் காக்கா பறப்பதைப் பார்த்தால், பக்கத்து மரத்தில் குயில் ஜோடி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஆண் குயில் வேண்டுமென்றே கண்ணில் பட்டுக் காக்காவைத் துரத்த விடுவதும், அந்த இடைவெளியில் பெண் கூட்டுக்குள் நழுவுவதும் உண்டு. குயில் முட்டை காக்கா முட்டையைவிட முன்னதாகப் பொரிந்துவிடும், முதலில் வாயைத் திறக்கிற குஞ்சுக்குத்தானே முதல் இரை.

டுக்-டுக்-டுக் என்று ஒரே சீராகச் செம்பு தட்டுகிற மாதிரி நண்பகலிலும் விடாமல் கத்தும் குக்குறுவானும் இதே ரகம், குளிர்காலத்தில் ஊமையாக இருந்துவிட்டு மாசியில் வாய் திறக்கும். பட்ட முருங்கைக் கிளையிலோ வேறு மெத்தென்ற கிளையிலோ அடிப்பக்கமாக ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை தெரிந்தால் அதன் வீடாக இருக்கலாம்.

குளிர் நாடுகளில் வசந்தம் என்பது பறவைகள் வந்து சேரும் காலம். நமக்கு அது வழியனுப்பும் காலம். அக்டோபரில் வந்து கொல்லைக் குப்பையில் தத்தித் திரிந்த ஆறுமணிக்குருவி சித்திரைக்குள் வடக்கே போய்விடும். வாய்க்காலோர வாலாட்டி, கூட்டம் கூட்டமாகக் கம்பங்காட்டில் இறங்கிய சூறைக்குருவி எல்லாமே ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும். இவற்றைக் கடைசியாக எந்தத் தேதியில் பார்த்தோம் என்று குறிப்பது, வந்த தேதியைக் குறிப்பதைவிடக் கஷ்டமானது, அதனாலேயே சுவாரசியமானது.

இங்கேயே தங்கியிருப்பவை கூடு கட்டத் தொடங்கும். தேன்சிட்டு துணிக்கொடியிலும் வாசல் பல்பு வயரிலும் சிலந்தி நூலால் சருகையும் நாரையும் ஒட்டித் தொங்கவிடும் கூடு, பார்த்தால் ஏதோ காற்றில் மாட்டிக்கொண்ட குப்பை போலிருக்கும், விளக்குமாற்றால் தட்டிவிடும் முன் ஒரு பக்கமாக வாசல் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தேன் குடிக்கிற பறவைதான், ஆனால் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியும் சிலந்தியும். புதுத்தளிரும் பூவும் கொண்டுவந்த பூச்சிகள் இப்போது அதற்குக் கைகொடுக்கும். தூக்கணாங்குருவியோ இந்தக் கூட்டத்தில் சேராது. அதற்குக் கூடு பின்ன நீளமான பச்சைப் புல் கிழிசல் வேண்டும், புல்லரிசியும் வேண்டும். புல் வளர மழை வேண்டும். எனவே பனைமரத்தில் அதன் கூடுகள் புதிதாகத் தொங்குவது மழைக்காலத்தில்.

## ஓணானும் கறிவேப்பிலையும்

சித்திரையில் வேலிக்கல்லின் மேல் கழுத்தும் தலையும் சிவந்த ஓணான் ஒன்று தண்டால் எடுத்துக்கொண்டிருந்தால், அது யாருடைய ரத்தத்தையும் உறிஞ்சவில்லை. இனப்பெருக்க காலத்து ஆண் அது, பக்கத்து ஆணை விரட்டவும் பெண்ணை அழைக்கவும் அந்த நிறம். பெண் கோடை மழையில் மண் இளகியதும் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். சண்டை முடிந்து தோற்ற ஓணானின் சிவப்பு கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும், நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

கறிவேப்பிலைச் செடி புதுக் கொழுந்து விட்டிருந்தால் இலையைப் பறிக்கும் முன் புரட்டிப் பாருங்கள். பறவை எச்சம் போலக் கருப்பும் வெள்ளையுமாக ஒட்டியிருப்பது எலுமிச்சை அழகிப் பட்டாம்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம். அந்த வேஷம் இருக்கும்வரை பறவைகள் அதைச் சட்டை செய்யாது. வளர்ந்ததும் பச்சையாக மாறிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றத்தைக் கிளப்பும். ஒரு கொத்தை அதற்கு விட்டுக்கொடுத்தால் சாம்பாருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கோடை மழை பெய்த அன்று சாயங்காலம் ஈசல் புறப்பட்டால், அந்த அரை மணி நேரம் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. கரிச்சான், மைனா, தவளை, பல்லி, ஓணான் எல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கும். வாசல் விளக்கை அணைத்துவிட்டால் ஈசல் வீட்டுக்குள் வராது.

## வீட்டிலிருந்தபடி பார்ப்பது எப்படி?

எந்த மரம் எப்போது உதிர்க்கிறது, எந்தப் பறவை எப்போது பாடத் தொடங்குகிறது என்று வருடா வருடம் தேதி குறித்து ஒப்பிடும் துறைக்குப் பருவநிகழ்வியல் என்று பெயர். பெயர்தான் பெரிது, தேவை ஒரு நோட்டும் பேனாவும். ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் செர்ரி பூத்த நாட்களை 9-ஆம் நூற்றாண்டிலிருந்து குறித்த பதிவுகள் இருக்கின்றன. அதனால்தான் 2021 மார்ச் 26-ல் அவை முழுதாகப் பூத்தபோது, 1,200 ஆண்டுப் பதிவில் இதுதான் மிக முந்தியது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. நம் நாட்டில் சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும் தங்களுக்குப் பக்கத்திலுள்ள மரத்தை வாரம் ஒருமுறை பார்த்துப் பதிகிறார்கள். கொல்லையில் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரே இடத்தில் நின்று, வாரம் ஒரு படம் எடுத்தாலே போதும். வேம்பு என்றால் இன்னும் நல்லது, எல்லா ஊரிலும் இருக்கிறது, எல்லாக் கட்டமும் தெளிவாகத் தெரியும்.

மொட்டையாக நிற்கிற மரத்தைப் பட்டுவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள். சின்னக் கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள், உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது.

உதிர்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்துவது நம் ஊரில் ஒரு பழக்கம். மரத்தடியிலேயே பரப்பி விட்டால் மண் ஈரம் காக்கும், தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைப் புரட்டிப் பூச்சி தேடும். ஆனால் வாசற்படிக்கும் விறகு அடுக்குக்கும் பக்கத்தில் சருகைக் குவிக்காதீர்கள். கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் சருகு நிறத்திலேயே இருக்கும், ராத்திரி டார்ச் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம், நேராக விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பறவைக்குத் தண்ணீர் வைப்பதென்றால் அகலமான மண்சட்டி, இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், நடுவில் ஒரு கல். தினமும் மாற்றுங்கள், ஒரு வாரம் அப்படியே விட்டால் கொசு வளர்ந்து பறந்துவிடும்.

ஆனியில் வேப்பம்பழம் விழத் தொடங்கும்போது மரக்கன்று போட ஆசையிருந்தால் அன்றன்றைக்கு விழுந்த மஞ்சள் பழமாகப் பொறுக்கி, சதையைக் கழுவிவிட்டு, நிழலில் ஒரு நாள் உலர்த்தி உடனே பையில் ஊன்றிவிடுங்கள். டப்பாவில் போட்டு அடுத்த சித்திரைக்கு எடுத்தால் அநேகமாக ஒன்றும் முளைக்காது.